எங்கள் வீட்டு மரப்பெட்டிக்குள் ஒரு ராணி!



விடிகாலையில் வாசல் தெளித்து அரிசி மாவில் கோலம் போடுகிறோம். "ஏம்மா அரிசி மாவு?" என்று பிள்ளைகள் கேட்டால், "நாலு எறும்பு, குருவி தின்னட்டும், புண்ணியம்" என்கிறோம். கோலப்பொடி டப்பாவை வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தால், சர்க்கரை டப்பாவைச் சுற்றி அதே எறும்பு! உடனே மருந்துக் கட்டியைத் தேடுகிறோம். வாசலில் விருந்து, உள்ளே மருந்து. எறும்புக்கும் நமக்கும் உள்ள உறவு இப்படித்தான் காலம் காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த லட்சணத்தில், "எங்கள் வீட்டில் மரப்பெட்டி செய்து எறும்பு வளர்க்கிறோம்" என்று நான் சொன்னால் சிரிக்கத்தான் செய்வீர்கள். எங்கள் தெருவில் எல்லோரும் சிரித்தாயிற்று. நாய் வளர்ப்பார்கள், கிளி வளர்ப்பார்கள், மீன் தொட்டி வைப்பார்கள். எறும்பை யாராவது வளர்ப்பார்களா?

வளர்க்கிறார்கள். அதுவும் இன்று நேற்றல்ல. இங்கிலாந்தில் ஜான் லப்பக் என்று ஒருவர் இருந்தார். தொழில் வங்கி. அந்த நாட்டில் வங்கி விடுமுறைச் சட்டத்தை 1871-ல் கொண்டுவந்தவரும் அவர்தான். அவர் வீட்டில் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மண்ணை வைத்து எறும்பு வளர்த்து, ஒவ்வொன்றுக்கும் சாயப்பொட்டு வைத்து அடையாளம் கண்டு, 1882-ல் எறும்பு, தேனீ, குளவி பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவர் வளர்த்த ஒரு ராணி எறும்பு 1874-லிருந்து 1888 வரை உயிரோடு இருந்ததாம். கிட்டத்தட்ட பதினாலு வருஷம்! இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு எறும்பு வந்தது சின்னவளால். ஒன்பதாம் வகுப்புக்குப் போகவேண்டியவளுக்கு அந்தச் சித்திரையில் மஞ்சள் காமாலை. "ஆறு வாரம் ஓய்வு, வெளியே விடாதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடம்பு தேறிவிட்டது. ஆனால் படுக்கையில் கிடந்த நாளில் கைக்கு வந்த செல்போன் கையை விட்டு இறங்கவில்லை. கூப்பிட்டால் "ம்" என்பாள். சாப்பிட்டாயா என்றால் அதற்கும் "ம்". கலகலவென்று இருந்த பெண், கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக ஒரு "ம்"முக்குள் சுருங்கிவிட்டாள். பிடுங்கி வைத்தால் அழுகை, கொடுத்தால் மௌனம். பிள்ளை பெற்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வைகாசியில் ஒரு மழை பெய்து ஓய்ந்த ராத்திரி, திண்ணை விளக்கடியில் பெரிய கட்டெறும்பு ஒன்று தட்டுத்தடுமாறி ஊர்ந்துகொண்டிருந்தது. முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, முதுகு தடித்து, சிறகு உதிர்ந்த தழும்போடு. நான் விளக்குமாற்றை எடுக்க, சின்னவள் குறுக்கே கையை நீட்டினாள். "அம்மா, அது ராணிம்மா! பறந்து போய் கல்யாணம் முடிச்சு, சிறகை உதிர்த்துட்டு எடம் தேடுது. தள்ளாதே!" ஒரு மாதத்தில் அவள் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். விளக்குமாற்றைக் கீழே வைத்தேன்.

ஒரு கண்ணாடிக் குழாயில் பாதி தண்ணீர், அதை அடைத்துப் பஞ்சு, மீதி இடத்தில் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. குழாயைத் துணியில் சுற்றி இருட்டான அலமாரியில் வைத்தாள். "சோறு?" என்றேன். "முதல் குஞ்சு பொரிக்கிற வரைக்கும் ஒண்ணும் சாப்பிடாதும்மா" என்றாள். எனக்கு நம்பிக்கையில்லை. விசாரித்தால் உண்மைதான். கட்டெறும்பு ராணிக்கு இனிப் பறக்க வேண்டியதில்லை அல்லவா? சிறகை அசைக்க உதவிய முதுகுச் சதை உள்ளுக்குள்ளேயே கரைந்து உணவாகிறது. அதையும், உடம்பில் சேர்த்த கொழுப்பையும் வைத்துத் தானும் பிழைத்து, புழுக்களுக்கும் ஊட்டுகிறது. ஆண் எறும்புகள் கல்யாணத்தோடு சரி, சீக்கிரமே செத்துப்போகும். ஒரே நாள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு ராணி ஆயுள் முழுக்க முட்டையிடுகிறது. பிரசவமும் தனியாக, பத்தியமும் தனியாக! கேட்டதும் எனக்கு அந்தப் பூச்சியின் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

ஆறாவது வாரம் முதல் வேலைக்கார எறும்பு வந்தது. சின்னஞ்சிறியது. முதல் ஈடு எறும்புகள் எப்போதும் சிறியவைதானாம், தாய்க்கு இருந்த சாப்பாடு அவ்வளவுதானே! ஆவணிக்குள் பதினைந்தாகிவிட்டது. அப்போதுதான் மரப்பெட்டிப் பேச்சு எழுந்தது.

எங்கள் ஆசாரியிடம் நானும் சின்னவளும் போனோம். பழைய தேக்குத் துண்டு ஒன்று வீட்டில் கிடந்தது. அதைக் காட்டியதும் அவர் தலையாட்டிவிட்டார். "தேக்குல எண்ணெய் இருக்கு தங்கச்சி. கரையானே தேக்குகிட்ட வராதுங்கிறோம், எறும்ப அதுக்குள்ள வச்சா எப்படி? வேம்பும் வேண்டாம், கசப்பு. ஒட்டுப் பலகை அறவே வேண்டாம்" என்றார். ஒட்டுப் பலகையின் ஏடுகளை ஒட்டும் பசைகள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது, மூடிய பெட்டிக்குள் அந்த வாடை நிற்கும். கடைசியில் நன்றாகக் காய்ந்த பூவரசுத் துண்டு ஒன்றை எடுத்தார். எட்டு அங்குல நீளம், ஐந்து அங்குல அகலம், ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல் கனம்.

பென்சிலால் நாலு அறை, அவற்றை இணைக்கும் வழிகள் என்று சின்னவள் கோலம் மாதிரி வரைந்து கொடுத்தாள். அவர் உளியால் அரை அங்குல ஆழத்துக்குக் குடைந்து, உப்புத்தாளால் தேய்த்தார். வார்னிஷ் இல்லை, பாலிஷ் இல்லை, உள்ளே ஒரு சொட்டுப் பசையும் இல்லை. மேலே படத்துக்குச் சட்டம் போடும் கடையில் அறுத்து வாங்கிய கண்ணாடி. காற்றுக்கு இரண்டு துளை போட்டு, பழைய டீ வடிகட்டியின் வலையை வெட்டி உள்பக்கம் பதித்தார். துளை எறும்பின் தலையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம். தலை நுழைந்தால் உடம்பும் நுழையும்.

பக்கவாட்டில் ஒரு துளையிலிருந்து ரப்பர் குழாய் வழியாக ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதுதான் அவர்களின் சாப்பாட்டுக் கூடமும் குப்பைமேடும். டப்பாவின் உள் விளிம்பில் முகப்பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துத் தடவி உலரவிட்டோம். எறும்பின் கால் அதில் பிடிக்காமல் வழுக்கிவிடும். கண்ணாடியின் மேல் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டினோம். எறும்புக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது. அதற்கு இருட்டு, நமக்குக் காட்சி!

குடிபெயர்த்தது இன்னொரு வேடிக்கை. கையால் தொடவே இல்லை. பழைய குழாயைப் பெட்டியோடு இணைத்து, குழாயைச் சுற்றிய துணியை எடுத்துவிட்டாள். வெளிச்சம் பிடிக்காமல் ஒரு எறும்பு இருட்டான பெட்டிக்குள் போய்ப் பார்த்து வந்தது. பிறகு ஒவ்வொன்றாக வெள்ளை மூட்டைகளைக் கவ்வித் தூக்கிக்கொண்டு ஓடின. அரிசி போல் இருக்கும் அதை நாம் "எறும்பு முட்டை" என்கிறோம். முட்டை கண்ணுக்கே சரியாகத் தெரியாத பொடி. அரிசி மாதிரி இருப்பது கூட்டுக்குள் உறங்கும் குஞ்சு. ராணி கடைசியாகத்தான் வந்தது.

மரத்துக்கு ஒரு குணம் உண்டு. சுகமான இடம், சத்தமில்லாத இடம், அறைகள் சட்டென்று சூடேறாது. ஆனால் ஈரம் ஆகாது. நனைந்தால் உப்பும், கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விழும், பூஞ்சணம் பூக்கும். எறும்புக்கோ ஈரமில்லாமல் முடியாது. இதற்கு வழி, மரத்தை நனைக்காமல் தண்ணீரைத் தனியாக வைப்பதுதான். பஞ்சு அடைத்த தண்ணீர்க் குழாய் ஒன்றைப் பெட்டியின் ஒரு ஓரத்தில் செருகிவிட்டோம். ஐப்பசி அடைமழையில் அப்படியும் அந்த ஓரத்துப் பலகை கறுத்தது. பதறவேண்டி வரவில்லை. ஒரே ராத்திரியில் எறும்புகள் குஞ்சுகளை எல்லாம் காய்ந்த அறைக்கு மாற்றிவிட்டிருந்தன! காற்றுத் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினார் ஆசாரி. பூஞ்சணம் நின்றது.

சாப்பாடு அதிகச் செலவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை சர்க்கரைத் தண்ணீர் அல்லது தேன் ஒரு சொட்டு. குஞ்சுகள் வளரப் புரதம் வேண்டும், அதற்கு அடித்த கொசு, சின்னப் பூச்சி, வேகவைத்த முட்டையில் கடுகளவு. மருந்தடித்துச் செத்த பூச்சியைப் போடவே கூடாது. பெரிய எறும்பால் கெட்டியாக எதையும் விழுங்க முடியாது. கொண்டுபோய்ப் புழுவின் வாயில் வைக்கும், நீராக இருப்பதை மட்டும் குடித்து, வயிற்றில் பொதுப் பையில் சேர்த்துவைத்து, பசித்தவளுக்கு வாயோடு வாய் வைத்து ஊட்டும். "ஒருத்தி குடிச்சா ஊருக்கே குடுக்குதே!" என்று என் மாமியாரே ஒருநாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பெட்டிக்குள் இருப்பது அத்தனையும் பெண்கள் என்று பேத்தி சொன்னதும், "அதான் வேலை நடக்குது" என்றார்!

கார்த்திகையில் முதல் சாவு. ஒரு எறும்பு அசையாமல் கிடந்தது. இரண்டு நாள் மற்றவை அதை மிதித்துக்கொண்டே போய்வந்தன. பிறகு ஒருத்தி தூக்கிக்கொண்டு போய்க் குப்பைமேட்டில் போட்டாள். சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. செத்த உடம்பில் சில நாளில் ஊறும் ஓலியிக் அமிலம் என்ற கொழுப்பின் வாடைதான் எறும்புக்குச் சாவைச் சொல்கிறது என்று 1958-ல் எட்வர்ட் வில்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவரோடு சேர்ந்தவர்களும் கண்டுபிடித்தார்கள். அதை அவளேதான் தேடிப் படித்து எனக்குச் சொன்னாள். செல்போனில்தான் படித்தாள். ஆனால் இப்போது போன் அவளைப் பார்க்கவில்லை, அவள் போனைப் பார்க்கிறாள்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது வந்தது உண்மையான சோதனை. பெரியவளுக்குத் தலைப்பிரசவம். தை மாதம் குழந்தையோடு வீட்டுக்கு வரப்போகிறாள். அத்தை ஒரே பிடியாக நின்றார்.

"பச்சைப் பிள்ளை வரப்போற வீட்டுல எறும்பா? பால் வாடைக்கு ஊர்ந்து வந்து காதுல, கண்ணுல கடிச்சா யாரு பதில் சொல்றது? கொண்டுபோய் மாமரத்தடியில விட்டுட்டு வா பாப்பா."

"அப்பாயி, அதுங்க வெளியே வராது அப்பாயி!"

"வராதுன்னு நீ சொல்றே. எறும்பு சொல்லிச்சா?"

வீட்டுக்காரர் வழக்கம்போல், "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று செய்தித்தாளுக்குள் போய்விட்டார். ஒரு பக்கம் பேரப்பிள்ளை. இன்னொரு பக்கம், இப்போதுதான் பழையபடி பேசத் தொடங்கியிருக்கும் மகள். அவள் மறுபடி "ம்" என்று சுருங்கிவிட்டால்? அத்தை சொல்வதிலும் தப்பில்லை. பச்சைக் குழந்தையை எறும்பு கடிக்காதா என்றால், கடிக்கும்தான்.

அத்தையிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "அத்தே, தூளிக்கு வர்ற எறும்பு எங்கேருந்து வரும்?" யோசித்துவிட்டு, "சுவரோரமா, சன்னல் வழியா வரும்" என்றார். "அப்ப பெட்டியைத் தூக்கிப் போட்டாலும் அது வரும்தானே? ரெண்டுக்கும் காவல் போடுவோம் அத்தே." அன்று மாமியாரும் மருமகளும் பேத்தியும் உட்கார்ந்து போட்ட திட்டம் இதுதான். குழந்தை வரப்போகும் எந்த வீட்டுக்கும் உதவும், எறும்பு வளர்த்தாலும் வளர்க்காவிட்டாலும்.

கட்டில் கால் நான்குக்கும் தண்ணீர்க் கிண்ணம், அந்தக் காலத்தில் பலகார அலமாரிக்கு வைத்தது போல. தண்ணீரைத் தினம் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். தூளிக் கயிற்றின் மேல்பக்கம் வேப்பெண்ணெய் தோய்த்த துணி, குழந்தையின் கைக்கும் வாய்க்கும் எட்டாத உயரத்தில். பால் குடித்ததும் கழுத்து மடிப்பை ஈரத்துணியால் துடைப்பது. பால் சிந்திய துணியை அப்போதே அலசுவது. படுக்கவைக்கும் முன் ஒரு முறை துணியை உதறுவது.

மரப்பெட்டி மாடி அறைக்குப் போயிற்று. பெட்டி இருக்கும் முக்காலியின் கால்களும் தண்ணீர்க் கிண்ணத்தில். டப்பாவுக்கு வலை மூடி. சாப்பாடு வைப்பது சின்னவள் மட்டும், வைத்ததும் கை கழுவிவிட்டுத்தான் கீழே வரவேண்டும்.

கடைசியாக, எறும்பு மருந்துக் கட்டி. பரண்மேல் இருந்த கட்டிகளை அத்தையே எடுத்துவந்து வைத்தார். "பார்க்க பலப்பம் மாதிரியே இருக்கு. தவழற புள்ளை வாயில வைக்க எத்தனை நேரம் ஆகும்? எறும்பைவிட இதுல்ல மோசம்!" என்றார். உண்மைதான். அது பூச்சிக்கொல்லி. தரையில் கோடு போட்டால் தவழும் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குப் போகும். அன்றோடு அது வீட்டில் இல்லை. எறும்பு வந்த வழியைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தால், அவை விட்டுச்சென்ற வாடைத் தடம் அழிந்து வரிசை கலைந்துவிடும். பிறகு ஓட்டையை அடைத்தால் போதும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கட்டெறும்புக்குக் கொடுக்கு கிடையாது. கடித்து, அந்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும். சோப்பு போட்டுக் கழுவி, குளிர்ந்த நீர் ஒற்றடம் கொடுத்தால் எரிச்சல் அடங்கும். ஆனால் மரத்தில் ஏறும், கறுப்பும் செம்பழுப்புமாக இரண்டு நிறம் கொண்ட ஒல்லி எறும்புக்குக் கொடுக்கு உண்டு. சிலருக்கு அது கடும் ஒவ்வாமையைக் கொடுக்கும். எந்த எறும்பு கடித்தாலும் முகம், உதடு வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, மயக்கம் வந்தாலோ கைவைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

பிள்ளைகள் ஆசைப்பட்டால் நம் வாசலுக்கு வந்த எறும்பே போதும். காசு கொடுத்து வெளிநாட்டு எறும்பு வாங்கவே வேண்டாம். 2025-ல் ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டில், ஆயிரக்கணக்கான ராணி எறும்புகளைப் பஞ்சு வைத்த குழாய்களில் அடைத்துக் கடத்த முயன்ற நால்வருக்கு ஆளுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் போட்டார்கள். இருவர் இருபது வயதுகூட ஆகாத பிள்ளைகள். வேற்றிடத்து எறும்பு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் தூரம் போகவேண்டாம். 2022-ல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவாரத்தில் 'மஞ்சள் பைத்திய எறும்பு' என்னும் வகை பெருகி, ஆடு மாடுகளைத் தாக்குவதாக ஊர்க்காரர்கள் பரிதவித்தார்கள். உலகின் கொடிய ஊடுருவல் உயிரினங்களின் வரிசையில் வைத்துப் பேசப்படும் எறும்பு அது.

தையில் பேரன் வந்தான். தொண்ணூறு நாள் எங்கள் வீட்டில் இருந்தான். ஒரு எறும்புகூட அவனைக் கடிக்கவில்லை. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தை மாடி ஏறி, "பாருடா, உன் சித்தி வீட்டு ஜனங்க" என்று பெட்டியைக் காட்டுவார். இப்போது அதற்குள் அறுபதுக்கு மேல் இருக்கிறார்கள்.

நான் முன்னே ஒரு கணக்கைச் சொன்னேனே, பதினாலு வருஷம்? கட்டெறும்பு ராணியும் பல வருஷம் இருக்கக்கூடியதுதான். சின்னவள் இன்னும் மூன்று வருஷத்தில் படிப்புக்கு விடுதிக்குப் போய்விடுவாள். விடுதியில் எறும்புப் பெட்டிக்கு இடம் கொடுப்பார்களா? "அம்மா, நான் போனப்புறம் யாரு தண்ணி வைப்பா?" என்று போன வாரம் கேட்டாள். பெட்டியைப் பார்த்தபடிதான் கேட்டாள், என்னைப் பார்க்கவில்லை.

எறும்பைப் பற்றி மட்டும்தான் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. "நான்தான் வைப்பேன். வாரத்துக்கு ரெண்டு தரம் சர்க்கரைத் தண்ணி, குழாயில தண்ணி குறைஞ்சா மாத்தறது. நீ லீவுக்கு வந்து எண்ணிப் பாரு, ஒண்ணு குறையாது" என்றேன்.

அன்றைக்கே தண்ணீர்க் குழாய் மாற்றுவதை அவள் எனக்குக் கற்றுக்கொடுத்தாள். பழைய குழாயை உடனே எடுக்கக்கூடாதாம். புதியதைப் பக்கத்தில் செருகி ஒரு நாள் விடவேண்டும். அவர்களாக அந்தப் பக்கம் போனபிறகுதான் எடுக்கவேண்டும்.